சீமாட்டியின் முகம்

அந்த ஓவியத்தை முதலில் பார்த்தபோது அதற்கு முகம் இல்லை. தலைமயிர் இரண்டு பக்கமும் கழுகின் சிறகுபோல விரிந்திருந்தது. வெள்ளித் தொப்பி, பவளச் சரங்கள், சிவப்புப் பட்டு அங்கி எல்லாம் எண்ணெய் வண்ணத்தில் பளபளத்தன. நடுவில் மட்டும் கத்தியால் சுரண்டிய வெறும் துணி.

இத்தாலியின் பலேர்மோவில், அல்பெர்கேரியா என்ற பகுதியில் மாடி வீடொன்றை அப்போது துப்புரவு செய்துவந்தேன். அங்கே இருந்தவர் மொங்கோலிய ஓவியர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே அழைப்பேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன்தான். தன் நாட்டுப் பழைய பிரபுக்களை வரைந்து விற்பது அவர் தொழில். ஆனால் இந்தச் சீமாட்டி விற்பனைக்கு அல்ல. அவருடைய தாயின் பெரியம்மா. தாய் சிறுமியாக இருந்த காலத்தில், பிரபு குலம் என்பதற்காகவே ஆயுதக்காரர் வந்து அந்தச் சீமாட்டியைக் கொண்டுபோனார்கள். வீட்டார் பயந்து படங்களையெல்லாம் எரித்துவிட்டார்கள். அந்த முகத்தைக் கண்டவர்களில் உயிரோடு இருந்தது தாய் ஒருவரே. ஊகித்து வரைந்த முகங்களையெல்லாம் அக்காவே சுரண்டிவிட்டிருந்தார். முகம் எப்படி இருந்தது என்று எப்போது கேட்டாலும் தாய், "முகத்தை வரையாதை, அவங்கள் திரும்பி வருவாங்கள்" என்பாராம்.

எனக்கு அது விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆமி வருகிறது என்றதும் என் அம்மா அண்ணாவின் படங்களை அடுப்பில் போட்டதை அக்காவிடம் சொன்னேன். அண்ணா பிறகு வரவேயில்லை.

"அவரின்ரை முகம் ஞாபகம் இருக்கோ?"

"இல்லை அக்கா. யோசிச்சுப் பாக்கிறன், வருகுதில்லை."

அவர் என்னை ஜன்னலோரம் இருத்தி, என்னைப் பார்த்தே சீமாட்டியின் முகத்தை வரையத் தொடங்கினார். முடித்ததும் எழுந்து பார்த்தேன். அது என் முகம் இல்லை. அந்த நெற்றியும் கோபத்தை அடக்கிய உதடும் அண்ணாவுடையவை.

அக்கா அதை வீடியோ அழைப்பில் தாய்க்குக் காட்டினார். தாய் கத்தவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி அதைச் சொன்னார்.

"'பெரியம்மா வந்திட்டா. பின்னாலை ஆர் வருகினம்?' எண்டு கேக்கிறா."

அதன்பின் தாய் யாரோடும் பேசவில்லை, வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா ஊருக்குப் பறந்தார். தாய் இறந்த செய்தி வந்தது. பிறகு அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் அழைப்புகள் அடித்து ஓய்கின்றன.

அக்காவின் வீட்டுக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டபோது, படத்தை போர்கோ வெக்கியோவிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடம் என் மகள் அதைச் சொல்லிவிட்டாள்.

"உன்ரை அண்ணான்ரை முகமாமே? எனக்கும் ஒருக்காக் காட்டு பிள்ளை," என்று ஒவ்வொரு அழைப்பிலும் அம்மா கேட்கிறார்.

"இஞ்சை வெளிச்சம் போதாது அம்மா. நாளைக்குக் காட்டுறன்."