ஆளைப் பார்த்துப் பதில்

அமெரிக்க சிட்டிசன்ஷிப் நேர்காணலுக்கு என் கணவர் என்னைத் தயார்ப்படுத்திய விதத்தைப் பார்த்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே தேவலாம் என்றிருக்கும். ரிச்சர்ட்சன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் சப்பாத்தி தேய்க்க, அவர் கேள்வி கேட்பார். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். நூறு கேள்வியில் ஒன்றில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது: இந்த நாட்டில் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் எதனால் மூண்டது?

அடிமைமுறை, பொருளாதாரம், மாநில உரிமை. இதில் எதைச் சொன்னாலும் சரி என்று அரசாங்கம் கொடுத்த புத்தகத்திலேயே இருந்தது. இவருக்கு அது போதவில்லை.

“வெள்ளக்கார ஆபீசரா இருந்தா ஸ்டேட்ஸ் ரைட்ஸ்னு சொல்லு. பிளாக் ஆபீசரா இருந்தா ஸ்லேவரினு சொல்லு. இது டெக்சாஸ், அந்தப் போர்ல தெற்குப் பக்கம் நின்ன ஊரு, புரியுதா?”

“ஆபீசர் மூஞ்சியப் பாத்தா சண்ட ஆரம்பிச்சுச்சு?”

“நம்ம முஸ்லிம் பேர செக் பண்ணவே வருஷக்கணக்கா இழுத்தடிச்சாங்க. இதுல வாயக் குடுத்து வேற மாட்டிக்கணுமா?”

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாளிலிருந்து நான் முகம் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். எந்த ஊர், என்ன மதம், தலையில் ஏன் துணி என்று கடையிலும் மகளின் டேகேரிலும் கேட்டவர்களுக்கெல்லாம் அவரவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன். மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளத்தான் தெற்கு பிரிந்து போனது. அதைக்கூடவா ஆள் பார்த்துச் சொல்வது? குடியுரிமை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

இருவருக்கும் ஒரே காலையில் நேர்காணல், வேறு வேறு அறைகள். எனக்கு வந்தவர் நரைத்த மீசை வைத்த வெள்ளைக்காரர். காலில் கௌபாய் பூட்ஸ். அந்தக் கேள்வியையே கேட்டார்.

“ஸ்லேவரி,” என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில் பாஸ் என்றார்.

வெளியே வந்தால், இவர் எனக்கு முன்பே காரில் உட்கார்ந்திருந்தார். அவரும் பாஸ்தான். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

“என்கிட்டயும் அதே கேள்வி. ஸ்டேட்ஸ் ரைட்ஸ்னு சொல்லிட்டேன். அதத்தான் நெறைய மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், டென்ஷன்ல அதுவே வந்துருச்சு.”

“அதுவும் கரெக்ட்தானே?”

“ஆபீசர் ஒரு பிளாக் லேடி. டிக் பண்ணாங்க. ஆனா அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல.”

எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. அவர் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார்.

“உள்ள போய் ஒரு சாரி சொல்லிட்டு வரட்டுமா?”

“என்னன்னு சொல்லுவீங்க? வெள்ளக்காரருக்குன்னு வச்சிருந்த பதில உங்ககிட்ட சொல்லிட்டேன்னா?”