உச்சி வேளைத் துடிப்பு

மத்திய அரசிடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் வரும். இதுவரை புதிதாகக் கண்டறிந்தது என்ன என்று கேட்டிருப்பார்கள். கண்டறியத்தானே பணம் கேட்கிறோம், கண்டறிந்துவிட்டால் எதற்கய்யா பணம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுப் பணம் வாங்கியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அறுபதுகளின் நடுவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தை நிரப்பியவன் நான்தான். எதைக் கொண்டு நிரப்பினேன் என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

மேற்குக் கடற்கரையிலிருந்து ராக்கெட் விடத் தொடங்கியிருந்த காலம் அது. விண்வெளி ஆய்வு என்று தலைப்பிட்டு எழுதினால் டெல்லியில் கொஞ்சம் காது கொடுத்தார்கள். நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது, நமக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. தரையில் இருக்கும் காந்த ஊசியை அது லேசாக அசைக்கும், அவ்வளவுதான். அந்த அசைவை நாள்தோறும் பதிவு செய்ய எங்கள் பேராசிரியர் மூன்று வருட மானியம் வாங்கினார். நடுக்கோடு எங்களுக்குச் சற்றுத் தெற்கே போவதால், கோட்டைப்பட்டினத்துக்கு வெளியே கடலோரப் பொட்டலில் ஒரு குடிசையைப் போட்டு அதற்கு ஆய்வு நிலையம் என்று பெயர் வைத்தோம்.

நிலையத்தின் மொத்த ஊழியர் நான் ஒருவன். அரசு உயர்நிலைப்பள்ளியில் நிரந்தர அறிவியல் ஆசிரியர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தேன். "பென்ஷன் வர்ற வேலைய விட்டுட்டு வானத்தப் பாக்கப் போறானாம்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். என்னிடம் மட்டும் ஒரு வருடம் பேசவில்லை. என் உதவித்தொகை மூன்றாம் வருடத்தோடு முடியும். மானியம் நீடித்தால் எனக்கு வேலை, டாக்டர் பட்டம் எல்லாம் உண்டு. நீடிக்காவிட்டால் அப்பா சிரித்தது சரியாகிவிடும்.

கருவிக் குடிசையில் ஒரு பொட்டு இரும்பு கிடையாது. இரும்பு பக்கத்தில் வந்தால் காந்தம் அதன் பக்கம் திரும்பிவிடும். அதனால் பனஞ்சட்டங்களை மர முளை அடித்துச் சேர்த்தோம், கதவுக்குப் பித்தளைக் கீல் போட்டோம். காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த சிறு கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பி, சுழலும் புகைப்படத் தாளில் கோடு வரையும். காலையில் தாள் மாற்றும்போது மட்டும் உள்ளே போவேன். அதற்கும் சாவிக்கொத்து, இடுப்பு பெல்ட், குடை எல்லாவற்றையும் முப்பது அடி தள்ளி வைத்துவிடுவேன். 'இரும்புப் பொருள் கொண்டுவரக் கூடாது' என்று தமிழில் பலகையும் எழுதி மாட்டியிருந்தேன்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது ஊரில் ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். முதல் நாளே அக்காவிடம் பாத்திரத்தைப் பற்றித் தெளிவாகச் சொன்னேன். இரும்புச் சட்டி ஆகாது, பித்தளைத் தூக்குதான் வேண்டும் என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தூக்கில் கொண்டுவந்தார். மணலில் வைத்தால் நாய் வாய் வைத்துவிடும் என்று, கருவிக் குடிசையின் பின்சுவரில் நிழலாக இருந்த மேடையில் வைத்துவிட்டு, "சாப்பாடு வச்சிருக்கேன் சார்" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் சற்றுத் தள்ளியிருந்த என் அறையில் கணக்குகளை முடித்துக்கொண்டு கால் மணி, அரை மணி கழித்து வந்து எடுத்துக்கொள்வேன். பித்தளைதானே என்று எனக்குக் கவலையே இல்லை.

இரண்டாம் வருடம் கழுவிய தாள்களில் அதைப் பார்த்தேன். உச்சி நேரத்துக் கோட்டில் திடீரென்று ஒரு படி ஏறி, கால் மணி நேரமோ அரை மணி நேரமோ அப்படியே நின்று, திடீரென்று இறங்கியிருந்தது. பழைய தாள்களைப் புரட்டினால் அவற்றிலும் இருந்தது. எல்லா நாளும் இல்லை, பெரும்பாலான நாட்களில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒன்றை நான் பார்த்துவிட்டேன்! இயற்கையில் எதுவும் அவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்காது என்பது பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக்கொடுத்தது. அதை வசதியாக மறந்தேன். 'உச்சி வேளைத் துடிப்பு' என்று அதற்குப் பெயரும் நானே வைத்தேன். பேராசிரியர் என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர், அவருக்கும் அந்தக் காலிப் பக்கம் தலைவலியாகத்தான் இருந்தது. துடிப்பைப் பற்றி அதில் பெரிதாக என்னை எழுதவைத்து, மேலும் மூன்று வருடம் கேட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்.

டெல்லிக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துடிப்பு தெரிந்த நாட்களின் பட்டியல் வேண்டும், குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். பட்டியல் போட உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்குப் போட்டதும் பென்சில் நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமையில்கூடத் துடிப்பு இல்லை. அடுத்த மாதமும் அப்படியே. சூரியன் எந்தக் காலத்திலிருந்து வாராந்திர விடுமுறை எடுக்க ஆரம்பித்தது என்று மண்டை காய்ந்தது. அன்றும் வெள்ளிக்கிழமைதான். தூக்கைத் திறந்தால் முருங்கைக்கீரை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை என்பதால் அந்த ஊரில் படகுகள் கடலுக்குப் போகா. மீன் இல்லாத நாள். கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அறையில் உட்காராமல் குடிசையின் பின்புறம் போய் நின்றேன். அக்கா தூக்கை இறக்கி வைத்தார். அதன் அடியில் கட்டியிருந்த துணிச் சுற்றை, சூடு தாங்க வைத்தது என்று நினைத்து, தினமும் தூக்கோடு சேர்த்தே எடுத்துப் போயிருக்கிறேன்.

"என்னக்கா அது?"

"இதுங்களா? இரும்பு சார்" என்று பிரித்துக் காட்டினார். உடைந்த நங்கூரத்தின் கொக்கி, முழங்கையில் பாதி நீளம். கூடவே ஒரு கரித்துண்டு. "உச்சிப் பொழுதுல மீன் கொழம்பத் தனியா எடுத்தாரலாமுங்களா? வாசனைக்கு எதாச்சும் பின்னாடியே வந்து ஒங்களப் புடிச்சிக்கிட்டா? கீரை சாம்பாருன்னா வேணாம். மீனுன்னா இரும்பு இல்லாம வரமாட்டேன்."

"போர்டு மாட்டியிருக்கேனேக்கா, இரும்பு கூடாதுன்னு."

"பையன் படிச்சிச் சொன்னான் சார். அது ஆபீசு இரும்புக்குத்தானே. இது காத்துக்கருப்புக்கு உள்ளது."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகை வரவில்லை என்பதுதான் மிச்சம். இரண்டு வருடமாக வானத்தில் நான் பார்த்தது என் மதியச் சாப்பாட்டை. பேய் பிடிக்காமல் என்னைக் காப்பாற்ற அவர் சுமந்து வந்த நங்கூரத்துக்கு நான் பெயர் சூட்டி, டெல்லிக்கு எழுதி, பட்டமும் வாங்கக் காத்திருந்தேன். இனிமேல் அதைக் கொண்டுவராதீர்கள் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். "அப்ப மீனும் கெடையாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கத்திரிக்காய், கீரை, மறுபடியும் கத்திரிக்காய்.

அறந்தாங்கிக்கு பஸ் பிடித்து, ரயிலேறிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "பட்டியலை அனுப்ப வேண்டாம். அவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மானியம் கைக்கு வந்ததும் நாமே திருத்தம் எழுதிவிடலாம். மீதிப் பதிவெல்லாம் சுத்தமானதுதானே? ஒரு நங்கூரத்துக்காக நிலையத்தையே மூடணுமா?" என்றார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு வசதியாகவும் போயிற்று. பெரியவர் சொல்லிவிட்டார் என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்பாவின் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதும் உண்மை.

பேராசிரியர் முதல் நாளே வந்து காத்திருக்க, குழு உறுப்பினர் ஒரு புதன்கிழமை வந்தார். அறுபதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு, வெயிலில் ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் பலகையைப் படிக்கச் சொல்லிப் பொருள் கேட்டார். கேட்டதும் தானே பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். துடிப்பைத் தாளில் பார்த்தது போதாது, உச்சி நேரத்தில் உள்ளே உட்கார்ந்து ஒளிப்புள்ளி நகர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், ஒங்க பேராசிரியரு காலையில வீட்டுக்கே வந்துட்டாரு. இன்னைக்கு மீன் கொழம்பு வையுங்க, எப்பவும் எடுத்தார மாதிரியே எடுத்தாங்கன்னாரு. நீங்க இரும்பு வேணாங்கிறீங்க. நான் யாரு சொல்லக் கேக்குறது?"

ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். 'வேண்டாம்' என்றால் ஒளிப்புள்ளி நகராது, வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். நான் கடலைப் பார்த்தேன். "அவர் சொன்னபடியே செய்ங்கக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிங்க சார், வாரேன்" என்று போனார்.

நண்பகலில் மூவரும் இருட்டுக் குடிசைக்குள் அசையாமல் உட்கார்ந்தோம். ஒளிப்புள்ளி அளவுகோலின் மேல் நின்றிருந்தது. வியர்வை முதுகில் வழிந்தது. பின்சுவருக்கு அப்பால் மணலில் நடக்கும் ஓசை எனக்குக் கேட்டது, வந்தவருக்கு அது வெறும் ஓசை. புள்ளி ஒரு தாவு தாவி, தள்ளிப் போய் நின்றது. வந்தவர் மூச்சை உள்ளிழுத்தார். இருட்டில் துழாவி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, பாராட்டுகள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. ஏமாற்றுகிறோமோ என்ற சந்தேகமே அந்தக் குரலில் இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அது மீன் குழம்பு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "அக்கா, தூக்குச்சட்டியத் துணியோட எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போங்க" என்று சுவர் வழியே கத்தினேன். புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பியது. "மறுபடி வைங்க." தாவியது. மூன்று முறை செய்து காட்டினேன். பேராசிரியர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் குழு உறுப்பினர் கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவிடம் டிரைவரை விட்டு விவரம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"எப்போது தெரிந்தது?"

"பதினோரு நாள் ஆகிறது சார்."

"உங்கள் விண்ணப்பம் இரண்டு மாதமாக என் மேசையில் இருக்கிறது. இந்த ஊரில் தபாலாபீஸ் இல்லையா?"

இருந்தது. குடிசையிலிருந்து பார்த்தாலே அதன் ஓட்டுக்கூரை தெரியும். பேராசிரியர் சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா என்னிடம் வந்து கேட்டபோது சரி என்றது என் வாய்தான். வந்தவர் எங்களோடு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

மாதம் முடிவதற்குள் உத்தரவு வந்தது. நண்பகல் மின்னோட்டப் பதிவுகள் பயனுள்ளவை, எனவே நிலையத்துக்கு மூன்று வருட மானியம் உண்டு. துடிப்பு பற்றிய பகுதியை நீக்க வேண்டும். நிலைய ஊழியர் இடத்துக்குப் புதிய ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேராசிரியர் உத்தரவை என்னிடம் நீட்டிவிட்டு, "நீ என் பேரைச் சொல்லியிருந்தா எனக்கு இதைவிட லேசா இருந்திருக்கும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. என் மேல் இருந்த கோபமே போதுமானதாக இருந்தது.

பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் என் இரும்பால வந்ததுதானே சார்?"

"இல்லக்கா. அதுல ஒங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்ப நெசத்தச் சொன்னதுக்கா வேலைய எடுத்துட்டாங்க?"

"சொன்னதுக்கு இல்லக்கா. பதினோரு நாளு சொல்லாம இருந்ததுக்கு."

அவர் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்தப் பதினோரு நாளும் நீங்க தூக்குச்சட்டியத் தொறந்து மூடி வச்சதுதான் சார், சோறு அப்புடியே திரும்பி வந்துச்சு. மீனு இல்லாததாலன்னு நெனச்சேன். கடைசி நாளு மீனும் கொண்டாந்தேன், அதையும் தொடல. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு, ஒங்களுக்குள்ள என்னமோ போயிக்கிட்டு இருக்குன்னு. என்னான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேனா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஊரார் பார்க்க, நான் அழுதேன்.