பெண்களுக்கு ஆட்சேபம் இல்லை

எந்தத் திட்டமானாலும் அதனால் பெண்களுக்கு என்ன ஆகும் என்று கேட்ட பிறகே நிறைவேற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, மாநகராட்சி அலுவலகத்தில் எங்கள் பிரிவில் இருந்த ஒரே பெண் நான். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுலபமான வேலைதான். கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், மட்டாஞ்சேரிப் பெண்கள் அத்தனை பேரும் சம்மதித்துவிட்டதாகக் குறிப்பில் ஏறிவிடும்.

அன்று வந்தது, பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் வாகன நிறுத்தம் கட்டும் திட்டம். சுற்றுலா வண்டிகளுக்காக, அங்குள்ள மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் கழிப்பறையை இடிக்க வேண்டுமாம். ரிப்பேர் என்று சொல்லி அதைப் பூட்டியே மாதக்கணக்காகிவிட்டது. அந்தக் கிடங்கு ஒன்றில்தான் அம்மா சுக்கு தரம் பிரிக்கிறாள். அவளுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் பகல் முழுக்க ஒதுங்க இடமில்லை.

"ஸ்த்ரீகள்க்கு புத்திமுட்டு ஒண்ணுமில்லல்லோ?" என்றார் மேலதிகாரி.

சிரமம் ஒன்றுமில்லை என்று நான் தலையாட்ட வேண்டிய இடம் அது. என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று எழுதப்போகிறவர் அவர்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை நிரந்தர வேலை வாய்த்ததில்லை. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன, கொஞ்சம் அலுப்போடு.

அந்தக் கிடங்குப் பெண்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை, கேட்காமல் என்னால் சொல்ல முடியாது என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, போய்க் கேட்டுவிட்டு வா, அதுவரை பூட்டைத் திறந்து வைக்கட்டும் என்றார். கோபத்தில் சொன்னாரா நியாயமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாலையில் பூட்டைத் திறந்துவிட்டார்கள். என் பயம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன கிறுக்காடி? இந்த ஜோலி போச்சுன்னா வேற யாரு தருவா?"

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு."

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா?"

உன்னிடம் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன் என்று பதில் சொல்லத் தைரியமில்லை.

மறுநாள் காலை கிடங்குக்குக் கிளம்பும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். நடுவில் நிறுத்தி, நான் எனக்காகப் போட்டு வைத்திருந்த சாயாவை எடுத்து, நின்றபடியே முழுவதும் குடித்தாள். கழிப்பறையைப் பூட்டிய நாளிலிருந்து, வேலைக்குப் போகும் முன் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.