இருமிய பலகை

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் புதிதாக வந்த ஒரு காபிக் கடைக்கு என் மகள் கூட்டிக்கொண்டு போனாள். படி ஏறும்போதே மிளகு நெடி. எத்தனை வெள்ளையடித்தாலும் அது போகாது போலிருக்கிறது. மாடியில் வழவழவென்று டைல்ஸ். என்னையறியாமல் குதிகாலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். "என்னப்பா, கால் வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, வலிதான்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கட்டடம் மிளகுக் கிடங்கு. சாக்குகளுக்குச் சாப்பா, அதாவது முத்திரை, குத்துவது என் வேலை. கூட இருந்தவன் துரைராஜ். அவன் அப்பா வில்லிங்டன் தீவில் ஓர் ஓட்டலில் சமையல்காரர். அங்கே அடுக்களைக் கதவிடுக்கு வழியாக ஒரு கப்பல்காரர் 'டாப்' ஆடியதைப் பார்த்தானாம். இரும்பு வைத்த பூட்சால் தரையில் தாளம் போடுகிற அந்த ஆட்டத்தின் மேல் அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தோப்பும்படியில் செருப்புத் தைப்பவரிடம் எங்கள் இருவர் பூட்சுக்கும் லாடம் அடித்து வாங்கி வந்தான். மதியச் சோற்றுக்குப் பிறகு மாடிப் பலகைத் தரையில் ஆடுவோம். நான் ஆடியதையும் ஆட்டம் என்று சொன்னால் துரை கல்லறையிலிருந்து எழுந்து வந்து உதைப்பான்.

ஷஃபிள், ஸ்டாம்ப் என்று பெயர்களெல்லாம் எங்கேயோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். எனக்கு வாயில் நுழையவில்லை. கால்நுனியால் முன்னே ஒரு தேய்ப்பு, பின்னே ஒரு தேய்ப்பு. கீழே பெண்கள் மிளகு புடைப்பது போலிருந்ததால் அதற்குப் 'புடைப்பு' என்று பெயர் வைத்தேன். முழுப் பாதத்தையும் ஊன்றி அடித்தால் 'சாப்பா'. "இது மதிடே, இது போதும், இதான் நம்ம பாஷை" என்று சிரித்தான். நல்ல பலகை பேசும், உளுத்த பலகை இருமும் என்பதும் அந்த பாஷைதான். ஆடுமுன் பலகைகளைத் தட்டிக் கேட்டு, இருமுவதன் மேல் சாக்கு மையால் பெருக்கல் குறி போடவேண்டியவன் நான்.

அந்த வருஷம் ஓட்டலின் கிறிஸ்துமஸ் விருந்தில் துரையை ஆடச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போனால் கப்பலில் வேலை. சாயாவைக்கூட மறந்து பழகினான். ஐப்பசியின் துலாமழையில் ஒரு நாள் தட்டியபோது ஜன்னலோரப் பலகை ஒன்று இருமியது. மை எடுக்கக் கீழே போனேன். போன இடத்தில் புடைக்கிற பெண்களுக்கு என் 'புடைப்பை' ஆடிக் காட்டி அசடு வழிந்ததில் மை மறந்துபோயிற்று.

மறுநாள் கேட்டான்: "எல்லாம் தட்டிப் பாத்தியாடே?"

"பாத்தாச்சு, ஆடு."

பாவி, அப்படித்தான் சொன்னேன். ஓங்கி அடித்த சாப்பாவில் பலகை முறிந்து, இடது கால் தொடைவரை இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலாளி விசாரித்தபோது, "பலகையில குறி போட்டிருந்துது, நான்தான் பாக்காம மிதிச்சேன்" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். முட்டி அதன்பிறகு மடங்கவே இல்லை. சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் வலது காலால் மட்டும் புடைப்பான். அந்தப் பலகையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. பிறகு அவனும் போய்விட்டான்.

மகள் மேஜை பிடித்திருந்தது அதே ஜன்னலோரம். மறுபடியும் மெல்லத் தட்டினேன். டைல்ஸ் பேசவுமில்லை, இருமவுமில்லை. எல்லாம் தட்டிப் பாத்தியாடே என்று கேட்டாயே, துரை. தட்டினேன்டா, இருமியதும் கேட்டது, குறிதான் போடவில்லை. இதைக் கேட்க நீயும் இல்லை, அந்தப் பலகையும் இல்லை.