அத்தையும் இரண்டு கிராபிக்ஸ் கார்டும்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. இன்றைக்கும் ஆபீஸ் கூட்டங்களில் மேஜைக்கடியில் காலாட்டி, எதிரே இருப்பவரை உதைத்துவிட்டு அசடு வழிவது வழக்கம். சின்ன வயதில் இதற்காக நான் வாங்காத திட்டில்லை. "இவ காலுல என்ன மோட்டாரா மாட்டியிருக்கு?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. அந்தக் காலாட்டத்தையும் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட ஒரே ஆள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை பாலிடெக்னிக் முடித்துவிட்டு விளாங்குடியில் எங்களோடு இருந்தாள். முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. யார் யாரோ வேண்டாமென்று கழித்த சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்து அவளே பூட்டியது. பெட்டியின் பக்கவாட்டு மூடியை அவள் மாட்டவே மாட்டாள். எந்நேரமும் எதையாவது கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பவளுக்கு மூடி எதற்கு?

அப்போது நாகமலை புதுக்கோட்டையில் ஒருவர் கேம்ஸ் சென்டர் திறக்கும் ஏற்பாட்டில் இருந்தார். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். அதில் கார் ரேஸ் ஓட வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று தனியாக மாட்ட வேண்டும். திரையில் வரும் படங்களை வரைந்து தள்ளுவது அதன் வேலை. அது சுணங்கினால் காரும் நொண்டும். பழைய கார்டுகளில் இரண்டு வகை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. ஒன்று பெரியது, மெமரி அதிகம் என்று எல்லோரும் புகழ்ந்தது. இன்னொன்று உள்ளங்கை அகலம்தான், அதன் மேல் குட்டியாக ஒரு ஃபேன். இரண்டில் எது உசத்தி என்று அத்தை சோதித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சென்டரையே அவள் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு.

அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. திருமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். "இது ஒண்ண மட்டும் பாத்துக்க. சரியா வரலேன்னா மறுபேச்சுப் பேசாமக் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிரணும்" என்றார். அத்தையும் தலையாட்டிவிட்டாள். எனக்கோ வேறு கவலை. அத்தை கல்யாணமாகிப் போனால் கம்ப்யூட்டரும் கூடவே போய்விடுமே!

சோதனை ஆரம்பமானது. ஓட்டுவது நான். அதே கார், அதே ரோடு, அதே வளைவு. அத்தை கார்டை மட்டும்தான் மாற்றுவாள். வேறொரு சாமானைத் தொடச் சொன்னால்கூடத் தொடமாட்டாள். "ரெண்டத் தொட்டுட்டா எதுனால வேகம் வந்துச்சுன்னு எப்புடித்தா கண்டுபிடிக்கிறது?" என்பாள். ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பாள். அப்புறம் குனிந்து என் காலைப் பார்ப்பாள். படம் கொஞ்சம் திக்கினாலும் எனக்குப் பொறுக்காது, மேஜையை உதைக்கத் தொடங்கிவிடுவேன். வழுக்கிக்கொண்டு ஓடினால் கால் ஆடுவதையே மறந்துவிடும். "நம்பரு மொத்தமாத்தான் சொல்லுது. எங்க திக்குதுன்னு இவ காலுதான் சொல்லுது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். பெரிய கார்டு மாட்டியபோது, புழுதி கிளம்பும் வளைவில் நான் உதைத்த உதையில் மானிட்டரே ஆடியது. குட்டிக் கார்டில் சத்தமே இல்லை. அத்தைக்கு விடை தெரிந்துவிட்டது. குட்டிக் கார்டையே மாட்டி வைத்தாள். விஜயதசமியன்று நேரில் வந்து பார்ப்பதாக சென்டர்காரர் சொல்லியனுப்பினார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அப்பாவுக்கு லேத் பட்டறை என்பதால் எங்கள் வீட்டில் தீபாவளியை விட அதுதான் பெரிசு. பட்டறையில் பூஜை முடித்துவிட்டு வந்து வீட்டிலும் ஸ்கூட்டர், மிக்சி, அரிவாள்மனை என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துச் சாமி கும்பிட்டோம். கம்ப்யூட்டருக்கும் மாலை விழுந்தது. பூஜையில் வைத்த எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது. பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பதில் எனக்கு வருத்தமில்லை. கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? வாசலுக்கும் முன்னறைக்குமாக நான் நடந்த நடையில் தனக்குத் தலை சுற்றுவதாக அம்மா கத்தினாள்.

மறுநாள் காலையில் சென்டர்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் காரைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ரோட்டில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் கிளம்பின, வானம் கட்டம் கட்டமாக உடைந்தது, கார் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டோம். இன்னும் மோசம். நான் மேஜையை உதைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மா, இதத்தானா நல்ல கார்டுன்னு சொன்ன?" என்றார் சென்டர்காரர்.

"முந்தாநா வரைக்கும் நல்லாத்தான்ணே ஓடுச்சு" என்றாள் அத்தை.

"சரி விடு, நான் பெருசையே எடுத்துக்கிறேன். ஒண்ணும் நெனச்சுக்காத" என்று அவர் எழுந்துகொண்டார்.

அத்தை டார்ச்சை எடுத்துப் பெட்டிக்குள் குனிந்தாள். நானும் கூடவே தலையை நுழைத்தேன். கார்டின் ஃபேன் சுற்றவேயில்லை. அதன் நட்டநடுவில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். வைத்தபோது ஈரமாக இருந்த சந்தனம் வழிந்து, இறக்கைகளுக்கு இடையில் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. சூடு தணிய வழியில்லாமல் கார்டு திணறியிருக்கிறது.

"நாந்தான் வச்சேன்" என்றார் அப்பா. "லேத்துல சுத்துறதுக்குத்தான பொட்டு வைப்போம். இதுல சுத்துற மாதிரி அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு."

எனக்கு வந்ததே கோபம்! அத்தை தோற்க வேண்டுமென்றுதான் இப்படிச் செய்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். அத்தை ஏன் அவரை நாலு வார்த்தை கேட்காமல் இருக்கிறாள் என்று அவள் மேலும் கோபம் வந்தது. அவளோ பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அதுக்குன்னு இம்புட்டுச் சந்தனமாண்ணே வைப்பீங்க?" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

சென்டர்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஓடிப்போய் கேட்டை மறித்து நின்றார்.

"நல்ல நாளும் அதுவுமா காபி குடிக்காமப் போனா எப்புடிண்ணே?"

"வேல கெடக்கு தம்பி."

"கையோட போட்டுக் குடுத்துர்றேன், செத்த உக்காருங்க."

அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அப்பா அடுப்படிக்குள் நுழைந்தார். சொம்புத் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன்! உதவிக்கு வந்த அம்மாவையும் விரட்டிவிட்டார். பால் பொங்கி வழிந்த வாடை முன்னறை வரை வந்தது. அதற்குள் அத்தை கார்டைப் பிடுங்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் ஊக்காலும் சந்தனத்தைச் சுரண்டினாள். நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. "கைய ஆட்டாதடி!" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை அதட்டினாள். கடைசியில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். ஃபேன் சுற்றியது.

அப்பா கொண்டுவந்த காபி கொதிக்கக் கொதிக்க இருந்ததால் சென்டர்காரராலும் சட்டென்று குடித்துவிட்டுக் கிளம்ப முடியவில்லை. டம்ளரும் கையுமாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கார் ஓடியது. புழுதி வளைவு, பாலம், கடைசிக் கோடு வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தை விடவில்லை, பெரிய கார்டையும் மாட்டி அதே வளைவைக் காட்டினாள். அது திக்கித் திணறியது. அவர் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "திங்கக்கெழமை வந்துரும்மா" என்றார்.

அடுத்த சில நாட்கள் அப்பா அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு மண்டை குடைந்தது. "அப்பாதானம்மா கெடுத்தாரு? அப்புறம் எதுக்குக் காபி போட்டாரு?" என்று அம்மாவை நச்சரித்தேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை அப்பாவே அத்தையை ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். அடம்பிடித்து நானும் முன்னால் தொற்றிக்கொண்டேன். அத்தை இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா வண்டியை நகர்த்தவில்லை.

"போலாம்ப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"இருத்தா. கார்டெல்லாம் நல்லா ஓடுதான்னு பாத்துட்டுப் போவோம்."

நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். மானிட்டர்களெல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு மேஜைக்கு மேஜை நடந்துகொண்டிருந்த அத்தையைத் தவிர உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இங்கருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுப்பா."

"தெரியுது, தெரியுது" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, சீக்கிரம் கண்ணாடி போட வேண்டும் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.