பாதி ஷட்டர் போட்ட பைக்கடை

எங்கள் கடைவீதியில் பை அக்காவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. அவர் பேரைத் தெரிந்தவரும் யாரும் கிடையாது. சக்கரம் வைத்த பெட்டி, முதுகில் மாட்டுகிற பை, மடித்தால் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கி, விரித்தால் வீட்டையே அள்ளிக்கொண்டு போகிற பை, எல்லாம் அக்கா கடையில் உண்டு. ஜிப் போய்விட்டது என்று வந்தால் அங்கேயே மாற்றிக் கொடுத்து, "இவ்வளவு அடைச்சா ஜிப் என்ன செய்யும், அதுக்கும் உசுரு இருக்குல்ல?" என்று நாலு திட்டும் திட்டி அனுப்புவார். நான் பக்கத்துக் கடை, ஜெராக்ஸ். நடுவில் ஒரே ஒரு சுவர். அக்கா தும்மினால் என் பேப்பர் பறக்கும்.

ஊருக்கெல்லாம் பயணப் பை விற்றவர், தான் மட்டும் எங்கேயும் போனதில்லை. ஒரு நாள் வெளிநாட்டுக்குப் போகிறவர் ஒருவர் பெட்டி வாங்க வந்தார். அங்கே ஓர் அருவி இருக்கிறதாம், பார்க்காமல் செத்தால் பிறந்ததே வீணாம். "நம்ம நாட்டு அருவியைப் பாத்திருக்கீங்களா?" என்று அக்கா கேட்டார். "அது எங்க ஓடிப்போகுது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார் அவர். உடனே சுவரில் தட்டும் சத்தம். தட்டினால் நான் போயாக வேண்டும். எங்களுக்குள் அதுதான் டெலிபோன்.

"தம்பி, நீ நம்ம அருவியைப் பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"நானும் பாக்கல. அது நம்மளைப் பத்தி என்ன நெனைக்கும்?"

அப்படித்தான் கடைவீதி டூர் ஆரம்பமானது. வருடத்தில் இரண்டு நாள் மொத்த வீதியும் கடையை அடைத்துவிட்டு ஒரே பஸ்ஸில் ஏறும். எங்கே போவது என்பதை அக்கா முடிவு செய்வார். கேள்வி கேட்கிறவருக்குக் கடைசி சீட்டு.

டூர் என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் ஊரையா பார்ப்பார்கள்? அருவியில் எல்லாரும் நனைந்துகொண்டிருக்க, எங்கள் பேக்கரிக்காரர் அந்த ஊர் பேக்கரியின் பின்பக்கம் போய் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சலூன்காரர் போகிற ஊரில் எல்லாம் முடி வெட்டிக்கொள்வார். மூன்றாவது ஊருக்குள் நுழையும்போது வெட்ட எதுவும் இருக்காது. மெத்தைக்கடை மாமாவுக்கு விடுதி மெத்தையில் தூக்கமே வராது. விடிய விடிய அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது, கோட்டை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ் என் மெஷினில் வராத அளவுக்குப் பளிச்சென்று கறுப்பாக இருந்ததைப் பார்த்து வயிறெரிந்து நின்றேன். ஆனால் ஒன்று. திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்தந்த ஊர்ப் பன், துணி, மண்சட்டி, சோப்பு என்று இடம் இருக்காது. எல்லாருக்கும் எல்லா ஊரிலும் ஒரு சிநேகிதர் இருந்தார்.

எங்கள் வீதியின் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். யாராவது அவசரமாக வெளியே போனால் கடையைப் பூட்டுவதில்லை. ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். 'இதோ வந்துவிடுவேன், அதுவரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். வாடிக்கையாளர் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் குனிந்து உள்ளே போய் விற்றுவிட்டுக் காசைக் கல்லாவில் போட்டுவிடுவார். நான் மெத்தை விற்றிருக்கிறேன். அக்கா ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார், கோணலாகத்தான்.

போன வருட டூருக்குக் கிளம்பும் முன் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. போனேன். அக்கா ஒரு பெட்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"இதுதான் என் கடைசி டூர், தம்பி. மக கூப்பிடுறா. எல்லாரும் போன்லயே பை வாங்கிக்கிறாங்க. ஈ ஓட்டிக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருக்கிறது? யார்கிட்டயும் சொல்லிடாத."

அக்காவின் மகள் பெரிய நகரத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். தங்கமான பெண். அம்மா தனியாகக் கிடந்து அல்லாடுகிறாளே என்ற கவலை அவளுக்கு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் சத்தம் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். எனக்கு ரகசியம் காப்பது என்பது பல்வலி மாதிரி.

இரண்டாம் நாள் திரும்பும் வழியில், பேர் தெரியாத ஒரு சின்ன ஊரில் பஸ் புகைந்து நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலம் ஆகுமாம். எங்கள் ஆட்கள் சிரித்த முகத்தோடு இறங்கி, ஆளுக்கொரு கடையாகப் புகுந்துவிட்டார்கள்.

நானும் அக்காவும் நடந்தோம். ஒரு திருப்பத்தில் பைக்கடை. வாசலில் பெட்டிகள், உள்ளே தொங்குகிற பைகள், ஷட்டர் பாதி. அக்காவின் கண் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இங்கயும் நம்ம வழக்கம்தான்" என்றார்.

அப்போது ஓர் அம்மா தன் பெண்ணோடு அரக்கப் பரக்க வந்தார். பெண் மறுநாள் காலேஜ் விடுதிக்குப் போகிறாளாம், பெட்டியின் சக்கரம் கழன்றுவிட்டதாம். பாதி ஷட்டரைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது, திரும்பப் போனார். அக்காவுக்குப் பொறுக்குமா? "ஏம்மா போறீங்க, வாங்க வாங்க" என்று குனிந்து உள்ளே போய்விட்டார். விலை பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. பேரம் பேசுவது அக்காவுக்குக் கைவந்த கலை. ஒரு பெட்டி போனது. அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவரைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். பேக்கரிக்காரர் கையில் பன்னோடு வந்து, எதுவும் கேட்காமல் வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்தார். கலைந்த தலை, கையில் பாதி குடித்த டீ. எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க நீங்க எல்லாம்?"

"கவலப்படாதீங்க, போயிட்டு வந்துட்டீங்கல்ல, இனி நீங்க பாத்துக்கங்க" என்றார் அக்கா. "மூணு பெட்டி, ரெண்டு பை போயிருக்கு. காசு கல்லால இருக்கு."

"நான் எங்கயும் போகலயே! யாரைக் கேட்டு என் கடையில விக்கிறீங்க?"

"பாதி ஷட்டர் போட்டிருந்தீங்களே!"

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க ஊர்ல பாதி ஷட்டர்னா கடை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்மா. சரக்கைத் திருப்பி அனுப்பினதும் முழுசா இறக்கிடுவோம். வழக்கமா யாரும் உள்ள வர மாட்டாங்க."

எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கல்லாவிலிருந்து எழுந்த வேகத்தில் பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். அக்கா மட்டும் அசையவில்லை.

"எத்தனை நாளா பாதியில நிக்குது?"

"ஒரு மாசமா. எல்லாரும் போன்லயே வாங்குறாங்க. முழுசா இறக்கவும் கை வரல, ஏத்தவும் கை வரல. மாடியில உக்காந்திருக்கேன்."

"வாங்க வந்தவங்க எல்லாம் உங்க ஷட்டரைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. மேல உக்காந்தா தெரியுமா? ஏத்துங்க!" அக்கா போட்ட சத்தத்தில் அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரை மேலே தள்ளினார். வெளிச்சம் கடைசி அலமாரி வரைக்கும் போனது. அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, ஆனால் வரவில்லை.

"உங்க கடை எப்படி, நல்லா ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடாம என்ன" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "எங்க கடைவீதிக்கு ஒரு தடவ வாங்க."

"எங்க ஊர்க்காரங்க எங்கயும் போறதில்லங்க."

"நீங்க ஆரம்பிச்சு வைங்க. பை உங்ககிட்டயே இருக்கு."

இப்போதுதான் அவர் சிரித்தார். பஸ் கிளம்பும்போது எங்களை வழியனுப்ப வந்து, அத்தனை பேரின் பைகளையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துத் தையலைச் சோதித்துவிட்டுத்தான் விட்டார். இவரும் எங்கள் ஜாதிதான் என்று மெத்தைக்கடை மாமா சொன்னார்.

பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்தது. "அவர ஷட்டரை ஏத்தச் சொன்னீங்களே அக்கா, நீங்க மட்டும் இறக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு மேல போய் உக்கார மாடி இல்ல, தம்பி, மகதான் இருக்கா" என்றார். கேள்வி கேட்டதற்கு எனக்குக் கடைசி சீட்டுகூடக் கொடுக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் வருகிற நாள் குறித்தாயிற்று. நான் என்ன செய்தேன் என்றால், வழியனுப்ப வந்தபோது வாங்கி வைத்திருந்த நம்பரில் அந்த ஊர்ப் பைக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். "ஓடுதுன்னு சொன்னாங்களே" என்றார். அப்புறம், "எந்த நாள்?" என்றார். ரகசியம் அன்றோடு தீர்ந்தது. பல்வலியும் போனது.

அந்த நாள் காலையில் அக்கா மகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். போகும்போது ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். பார்த்துக்கொள் என்று என்னிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பாதியா, அவர்கள் ஊர்ப் பாதியா என்று எனக்குத் தெரியவில்லை. வெறுமனே நின்றேன்.

அப்போது வீதிக்குள் ஒரு பஸ் நுழைந்தது. அந்த ஊர்க்காரர்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள், இறங்கினதும் ஆளுக்கொரு கடைக்குள் புகுந்தார்கள். பைக்கடைக்காரர் மட்டும் அந்த ஷட்டரைப் பார்த்து நின்றார்.

"முடிஞ்சுபோச்சா?"

"இல்லங்க" என்றேன். "போயிட்டு வருவாங்க." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நம்பிக்கை இல்லை.

ஒரு வாடிக்கையாளர் வந்து எட்டிப் பார்த்தார். நான் அசைவதற்குள் பைக்கடைக்காரர் குனிந்து உள்ளே போய், "வாங்க, என்ன பை வேணும்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அக்காவும் மகளும் வந்தபோது வாசலில் கூட்டம். மகள் கையில் பெரிய பெட்டி. அம்மாவின் சாமான்களைக் கட்டுவதற்காகக் காலியாகக் கொண்டுவந்தது. அக்காதான் அவளுக்கு அனுப்பியது, கழற்றாத கடை அட்டை இன்னும் பிடியில் தொங்கியது.

"அம்மா, யாரோ உன் கடையில வித்துக்கிட்டு இருக்காங்க!"

அக்கா நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. "யாரோ இல்லடி. பக்கத்துக் கடைக்காரர்" என்றார்.

பக்கத்துக் கடை, பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

உள்ளே போன அக்கா முதலில் கேட்டது, "அதுக்கு என்ன வில சொன்னீங்க?" என்பதுதான். அவர் சொன்னார். "கொறச்சுட்டீங்களே!" என்று சண்டை ஆரம்பமானது. மகள் வாசலிலேயே பெட்டியோடு நின்றாள், அம்மா சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு. எட்டாவது மாடியில் சண்டை போட யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாளோ என்னவோ. அப்போது அந்த ஊர் அம்மா ஒருவர் அவள் தோளைத் தொட்டார்.

"இந்தப் பெட்டி நல்லா இருக்கே. என்ன வில?"

எல்லாரும் திரும்பினோம். மகள் பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் படுக்கவைத்து, சின்ன வயதில் இந்தக் கடையில் செய்துகொண்டிருந்த மாதிரியே ஜிப்பை ஒரே இழுப்பில் சரேலென்று திறந்து காட்டினாள்.

"உள்ள எவ்வளவு இடம் பாருங்க" என்றாள். "ஆனா ரொம்ப அடைக்காதீங்க. எங்கம்மா திட்டும்."