ஆறுக்குட்டி நம்பிய நாக்கு

ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிவிட்டு ஆறுக்குட்டி கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் கடையில் யாரும் பேசக் கூடாது. சாயம் ஏற்றிய டீத்தூளாக இருந்தால் தாளில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளி விரியும். விரியவில்லை. அதற்காக மனிதர் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தூளுக்கு மேலே மெதுவாக வட்டமிடுகிறார். இரும்புத் துகள் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னைக்கு ஒழுங்காக் குடுத்துவுட்டிருக்கறானுங்க. ஏன்னுதான் தெரியல" என்கிறார்.

ஊட்டி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருபத்தாறு வருடமாக டீத்தூள் கடை. கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்த குடும்பம். வருடம் முழுவதும் தலையில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு குரங்குக் குல்லா. புருவத்திலிருந்து மீசை வரைக்கும்தான் வெளியுலகத்துக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதைக் கழற்றியதில்லை. கழற்றினால் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

எதில்தான் சந்தேகம் இல்லை? பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார். மழை வரும் என்று டிவியில் சொன்னால் குடை விற்கிறவன் பணம் கொடுத்திருக்கிறான். ஆனால் சுற்றுலா வந்த யாராவது அவர் கடையில் நின்று "இது ஒரிஜினலா?" என்று கேட்டுவிட்டால் நிறுத்த தூளைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிடுவார். சந்தேகப்படுவது அவருடைய வேலை, அடுத்தவர்கள் அதில் கை வைப்பதை அவரால் தாங்க முடியாது.

சந்தேகப்பட்டியலில் அவருடைய மூக்கும் உண்டு. மூன்று தொழிற்சாலைத் தூளைக் கலந்து அவர் தயாரிக்கும் கலவைக்கு ஊரில் நல்ல பெயர். ஆனாலும் தான் மோந்து பார்த்ததை வைத்து ஒரு டப்பாவைக்கூட விற்பனைக்கு அனுப்ப மாட்டார். நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் தேவநேசன். பிக்கட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் திருப்பூரில். காலை பதினொரு மணிக்குக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். ஆறுக்குட்டி புதுக் கலவையில் ஒரு டம்ளர் பால் சேர்க்காத கட்டன் டீ போட்டு, தான் ஒருமுறை மோந்துவிட்டு, அவர் கையில் கொடுப்பார். சத்தமாக ஓர் உறிஞ்சல். பிறகு "நல்லாருக்குதுங்க" அல்லது "சரியில்லீங்களே". நல்லாயிருந்தால் டப்பாவின் மேல் சாக்பீஸால் 'தே' என்று எழுதப்படும். பதினொரு வருடமாக இப்படித்தான். இந்த உலகத்தில் ஆறுக்குட்டி நம்பியது அந்த ஒரு நாக்கைத்தான்.

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது எங்கேயோ நடக்கிற போர்.

ஊர்க்காரர்கள் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கரண்ட் எப்போது வரும், எந்த வளைவில் மரம் விழுந்திருக்கிறது, யார் வீட்டு நாய் காணவில்லை என்பதற்காக ஆரம்பித்தது. ரஷ்யாவும் உக்ரைனும் மோதிக்கொண்ட பிறகு காணாமல் போன நாயைத் தேட ஆளில்லை. யார் பக்கம் நிற்பது என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது. ஆறுக்குட்டிக்கு அதில் குழப்பமே இல்லை. ரஷ்யாக்காரன் நம் தேயிலையை வாங்குகிறான், எனவே நாம் ரஷ்யா பக்கம். மறுத்துப் பேசியவர்கள் எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள். இடுகை போட்ட நேரம், முகப்புப் படம், நண்பர்கள் எண்ணிக்கை என்று ஒவ்வொருவரையும் அவர் ஈரத்தாளில் போட்டுப் பார்த்தார். ஒரு போஸ்ட்மேனும் இரண்டு ஆசிரியைகளும் வெளிநாட்டு ஏஜெண்டுகள் என்று தெரியவந்தது.

ஒருவன் மட்டும் பிடிபடவில்லை. 'நீலமலை நிஜம்' என்ற பெயர், காட்டெருமைப் படம். போன ஜனவரியில் ஒரு நாள் அவன் இப்படி எழுதினான்: "பக்கத்து வீட்டுக்காரன் உங்க வேலியைப் பிடுங்கி ரெண்டடி உள்ளே நட்டா, அப்பவும் அவன் உங்க கடையில தூள் வாங்குறானான்னு பார்த்துத்தான் நியாயம் பேசுவீங்களா?"

ஆறுக்குட்டிக்கு டீ புரையேறியது. ஊட்டியிலேயே பெர்ன்ஹில்லில் இருக்கும் அவர் வீட்டு வேலியைப் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையிலேயே இரண்டடி நகர்த்தியிருந்தார். அந்த ஆள் இவர் கடையில்தான் தூளும் வாங்கினார். வெளியே தெரிந்தால் அவமானம் என்று அந்த வயிற்றெரிச்சலை அவர் சொல்லி அழுதது ஒரே ஒருவரிடம். அந்த ஒருவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் போல, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தேவநேசன் எது செய்தாலும் சாட்சியமாகிவிட்டது. அவர் போனைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைக்கிறார், திரையை மறைக்கத்தான். மழையில் பெர்ன்ஹில்லில் கரண்ட் போன சாயங்காலம் நீலமலை நிஜமும் ஊமையாகிவிட்டான். தேவநேசன் குடியிருப்பதும் பெர்ன்ஹில்தானே? அன்றைக்கு ஊர் முழுவதும்தான் கரண்ட் இல்லை, அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று மனைவி வேலாமணி சொல்லிப் பார்த்தார். கேட்டால் பொய் சொல்லுவார், முதலில் பொய் சொல்லுகிற ஆளா என்று பார்க்க வேண்டும் என்றார் ஆறுக்குட்டி. சோதனை வைக்காமல் எதையும் ஏற்றுக்கொண்டு பழக்கமில்லாத மனிதர்.

சோதனை சுலபமானது. பின் அறையில் கூரை ஒழுகி ஒரு சாக்கு நனைந்து தூளில் பூசணம் பிடித்திருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு அதில் டீ போட்டார். முன்பெல்லாம் இப்படி ஒரு தூளைத் தேவநேசன் வாயில் வைத்ததுமே வாசலில் போய்த் துப்பியிருப்பார். ஆறுக்குட்டி வழக்கம் போல முதலில் தான் மோந்து பார்த்தார். பூசண வாடை மூக்கில் ஏறியது. காட்டிக்கொள்ளவில்லை. புருவத்தைத் தூக்கி, மீசை விரிய ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார்.

தேவநேசன் அவர் முகத்தைப் பார்த்தார். சத்தமாக ஓர் உறிஞ்சல்.

"அருமைங்க. நேத்தைக்கு இருந்ததுக்கு மேல."

பொய் சொல்லுகிற ஆள்தான் என்று ஆறுக்குட்டிக்குத் தெரிந்துவிட்டது. பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை, வலித்தது. பதினொரு வருடம் 'தே' போட்ட டப்பாக்கள் எல்லாம் கண் முன்னால் வரிசையாக நின்றன.

"நீலமலை நிஜம் நீங்கதானுங்களே? வேலிக் கதைய உங்களத் தவிர ஆருகிட்டச் சொன்னேன் நானு? மூஞ்சிக்கு நேரா டீயக் குடிச்சுப்போட்டு, ஊட்டுக்குப் போயி என்னைய நாறடிக்கறீங்க."

தேவநேசன் என்ன நிஜம், யார் என்று கேட்க வாயைத் திறந்தார். மேசை மேலிருந்த ஆறுக்குட்டியின் போன் கிணுகிணுத்தது. காட்டெருமைப் படம். 'என்ன ஆறுக்குட்டி, இன்னைக்குச் சண்டைக்கு லீவா?' என்று நீலமலை நிஜம் அந்த நொடியில் எழுதியிருந்தான். தேவநேசனின் இரண்டு கைகளும் டம்ளரைப் பிடித்திருந்தன, குளிருக்கு.

ஆறுக்குட்டி போனைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். இவர் அவனில்லை. அப்படியானால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

"அப்பறம் ஏனுங்க இதைய அருமைன்னீங்க? இது பூசணம் புடிச்ச தூளுங்க."

தேவநேசன் டம்ளரை மடிக்கு இறக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டு வருசத்துக்கு முன்னால காய்ச்சல் வந்துச்சுல்லீங்க. அதுல இருந்து நாக்குல ஒண்ணும் தெரியறதில்லீங்க. மூக்கும் போச்சு. சூடு மட்டுந்தான் தெரியும்."

"அப்பறம் எப்படி இத்தன நாளாச் சொன்னீங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க. நீங்க மோந்து பாத்துட்டு புருவத்தச் சுருக்குனா சரியில்லீங்கம்பேன். சுருக்குலீன்னா நல்லாருக்குதும்பேன். தப்பா வந்ததில்லீங்களே." நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க சிரிச்சீங்க."

டம்ளரை அலுங்காமல் மேசையில் வைத்தார். எழுந்து, ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டார். நாளைக்கும் வரப்போகிற ஒருவர் அப்படித் தள்ளிப் போட மாட்டார். நாக்கு போனது தெரிந்தால் இந்த ஸ்டூலும் போய்விடும் என்றுதான் சொல்லவில்லை, பதினொரு மணிக்கு வேறு எங்கே போவது என்று மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆறுக்குட்டி சாப்பிடவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு வேலாமணி நிதானமாக, "போன வருசம் வேலியப் போட்டோப் புடிச்சு, முனிசிபாலிட்டி கண்ணுல படட்டும்னு அதே குரூப்புல போட்டது ஆருங்க? நீங்கதான்" என்றார். ஆறுக்குட்டி தேடிப் பார்த்தார். இருந்தது. கோணலாக எடுத்த மூன்று படம், கீழே நாற்பது பேருடைய ஆறுதல். ஊருக்கெல்லாம் தானே தம்பட்டம் அடித்ததை மறந்துவிட்டு ஒரு மனிதரைத் திருடனாக்கியிருக்கிறார்.

மூன்று நாள் பதினொரு மணிக்கு ஸ்டூல் சும்மா கிடந்தது. கலந்து வைத்த தூளில் ஒரு டப்பாகூட வெளியே போகவில்லை. வாடிக்கையாளர்களிடம் இன்னும் தயாராகவில்லை என்றார். நீலமலை நிஜம் விதவிதமாகச் சீண்டிப் பார்த்தான், பதில் போகவில்லை. அவன் பேங்க் வாட்ச்மேனாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்ததோடு சரி, துப்புத் துலக்க மனம் வரவில்லை.

நான்காம் நாள் பத்தரைக்கே கடையைப் பூட்டினார். இருபத்தாறு வருடத்தில் மூன்று பூட்டையும் ஒருமுறை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது அன்றுதான். பெர்ன்ஹில்லில் தேவநேசனின் ஒற்றை அறை வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. ஆறுக்குட்டி மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. நேராக அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் வைத்தார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, ஒரு டம்ளரில் வடிகட்டினார்.

"புதுக் கலவைங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் டப்பா வெளிய போகும்."

"ஏனுங்க வம்பு? எனக்குத்தான் தெரியாதுன்னு சொன்னனுங்களே."

ஆறுக்குட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டூல் இல்லாததால் கட்டிலில் உட்கார்ந்தார். அறைக்குள் மூடுபனியின் மங்கல் வெளிச்சம்தான். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். பிறகு அதைத் தேவநேசனின் கையில் கொடுத்துவிட்டு, தாடைக்குக் கீழே விரலை விட்டுக் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூஞ்சி முழுவதும் தெரியும்படி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.